இராயபுரக் கரையில் இறை இரக்கம்

கத்தோலிக்க வழிபாட்டில் இறைவனிடம் முதலில் கேட்கப்படுவது இரக்கம். திருப்பலி தொடங்கிய சில நிமிடங்களுக்குள் சபை முழுவதும் தன் பாவத்தை ஏற்று, மும்முறை இரக்கம் வேண்டுகிறது. அப்பம் பிட்கப்படும் வேளையில் அதே வேண்டுதல் மறுபடியும் எழுகிறது. சிலுவைப்பாதை, நவநாள் மன்றாட்டு, இறந்தோருக்கான பூசை எல்லாவற்றிலும் அது வெவ்வேறு வடிவில் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது.

இந்த இரக்கத்துக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று பாவமன்னிப்பு: தவறு செய்தவர் மனம் வருந்தி வரும்போது கடவுள் அவரை மீண்டும் சேர்த்துக்கொள்வது. மற்றொன்று ஆறுதல்: நோய், கடன், வேலையின்மை, சாவு என்று வாழ்க்கை நெருக்கும்போது கடவுள் துணை நிற்பது. இறையியல் நூல்கள் முதல் முகத்துக்கே பெரும் இடம் தருகின்றன. கோயிலுக்கு வரும் மக்களோ பெரும்பாலும் இரண்டாவதைத் தேடி வருகிறார்கள். இந்த வேறுபாட்டைக் கண்டு, படித்தவர்களின் பக்தி உயர்ந்தது, பாமரரின் பக்தி தாழ்ந்தது என்று தீர்ப்புச் சொல்வோர் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். நற்செய்தி நூல்கள் அந்தத் தீர்ப்புக்கு இடம் தருவதில்லை. எரிகோ நகரத்து வழியோரத்தில் பிச்சையெடுத்த பார்வையற்ற பர்த்திமேயு இரக்கம் கேட்டுக் கத்தினான். அவன் கேட்டது கண்பார்வை. கப்பர்நாகூமில் முடக்குவாதக்காரன் ஒருவனை நால்வர் சுமந்து வந்து, கூரையைப் பிரித்து இயேசுவின் முன் இறக்கினார்கள். அவன் வந்தது காலுக்காக. கிடைத்ததோ முதலில் பாவமன்னிப்பு, அதன் பிறகு கால். அந்த வீட்டுக்குள் இரண்டு முகங்களும் ஒன்றாகவே இருந்தன. வடசென்னையில் இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர், விம்கோ நகர் வழியாக எண்ணூர் வரை நீளும் கரையின் பக்தியிலும் அவை ஒன்றாகவே இருக்கின்றன.

கப்பர்நாகூம் பேதுருவின் ஊர். தமிழ்க் கத்தோலிக்கர் அவரை இராயப்பர் என்பார்கள். இராயபுரத்துக்குப் பெயர் தந்தவர் அவரே என்பது ஊரார் மரபு. 1881இல் செயற்கைத் துறைமுகம் அமையும் வரை சென்னைக்கு வந்த கப்பல்கள் கரையை நெருங்க முடியாமல் தொலைவில் நங்கூரமிட்டு நின்றன. ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய மசுலாப் படகுகள்தான் ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கொண்டுவந்து சேர்த்தன. அந்தப் படகுகளை ஓட்டிய கத்தோலிக்கச் சமூகத்தார் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் தங்கள் உழைப்பின் பணத்தில் எழுப்பியது இராயபுரம் புனித இராயப்பர் ஆலயம். நாள்தோறும் அலையோடு போராடியவர்கள், அலைமேல் நடக்கத் துணிந்து, பயந்து, மூழ்கத் தொடங்கி, கை நீட்டித் தூக்கப்பட்ட மீனவரைப் பாதுகாவலராகத் தேர்ந்துகொண்டார்கள்.

அந்த மீனவரின் வாழ்க்கையில் இரக்கத்தின் வரலாறு முழுதாக அடங்கியிருக்கிறது. இயேசு கைதான இரவில் தலைமைக் குருவின் முற்றத்தில் கரி நெருப்பு மூட்டிக் குளிர்காய்ந்தவர்களோடு பேதுரு நின்றார். இயேசுவைத் தெரியவே தெரியாது என்று மூன்று முறை மறுத்தார். சேவல் கூவியதும் வெளியே போய் மனம் நொந்து அழுதார். யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரத்தில் இதே பேதுரு திபேரியாக் கடலில் இரவெல்லாம் வலை போட்டு வெறுங்கையோடு திரும்புகிறார். விடியலில் கரையில் நின்றவர் சொன்ன பக்கம் வலை வீசியபோது 153 பெரிய மீன்கள் அகப்படுகின்றன. கரையிலும் கரி நெருப்பு எரிகிறது. அதன்மேல் மீன், பக்கத்தில் அப்பம். உணவு முடிந்த பின் இயேசு அவரிடம் தன்மேல் அன்பு உண்டா என்று மூன்று முறை கேட்கிறார். மறுப்பு எத்தனையோ, கேள்வியும் அத்தனை. பழைய குற்றம் அங்கே எடுத்துப் பேசப்படவில்லை. பசி ஆற்றப்படுகிறது, அன்பு கேட்கப்படுகிறது, ஆடுகளை மேய்க்கும் பொறுப்பு ஒப்படைக்கப்படுகிறது. மன்னிப்புக்குக் கத்தோலிக்கம் தரும் இலக்கணம் இதுவே: மன்னிக்கப்பட்டவர் மூலையில் உட்கார வைக்கப்படுவதில்லை, அவரை நம்பி வேலை கொடுக்கப்படுகிறது.

சென்னைக்கு இன்னொரு திருத்தூதரும் உண்டு. சாந்தோமும் பரங்கிமலையும் தோமையாரின் நினைவைத் தாங்கி நிற்கின்றன. உயிர்த்த ஆண்டவரைக் கண்டோம் என்று மற்றச் சீடர்கள் சொன்னபோது, காயங்களைத் தொட்டாலொழிய நம்பமாட்டேன் என்றவர் அவர். ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறன்று உலகம் முழுவதும் கத்தோலிக்கக் கோயில்களில் வாசிக்கப்படும் நற்செய்தி இதுதான். பாவங்களை மன்னிக்கும் அதிகாரம் சீடர்களுக்கு அளிக்கப்படும் நிகழ்ச்சியும் அதே வாசகத்தில் வருகிறது. 2000ஆம் ஆண்டிலிருந்து அந்த ஞாயிறு இறை இரக்க ஞாயிறாகக் கொண்டாடப்படுகிறது. மறுத்தவர் ஒருவர், ஐயுற்றவர் ஒருவர். இரக்கம் பெற்ற இந்த இருவரின் பெயரால் விளங்கும் நகரத்தில் அந்தத் திருநாளுக்குத் தனிப் பொருத்தம் இருக்கிறது.

இறை இரக்க பக்தி இன்றைய வடிவத்தை அடைந்தது போலந்து நாட்டில். 1905இல் ஏழை உழவர் குடும்பத்தில் பிறந்த ஃபாஸ்தினா கொவால்ஸ்கா மூன்று ஆண்டுகளுக்கும் குறைவாகவே பள்ளி சென்றவர். 1925இல் கன்னியர் மடத்தில் சேர்ந்து சமையல், தோட்டவேலை, வாயிற்காவல் என்று எளிய பணிகளைச் செய்தார். 1931 பிப்ரவரி 22 அன்று புவோட்ஸ்க் நகர மடத்தில் இயேசுவை வெண்ணிற உடையில், நெஞ்சிலிருந்து இரண்டு கதிர்கள் வீசும் கோலத்தில் கண்டதாகத் தம் நாட்குறிப்பில் எழுதினார். ஒரு கதிர் சிவப்பு, மற்றொன்று வெளிர்நிறம்: சிலுவையில் குத்தப்பட்ட விலாவிலிருந்து வடிந்த இரத்தமும் தண்ணீரும். அவருடைய ஆன்ம குரு மிக்கேல் சொபோச்கோவின் ஏற்பாட்டில் 1934இல் வில்நியூசில் யூஜின் கசிமிரோவ்ஸ்கி என்ற ஓவியர் அந்தக் காட்சியை வரைந்தார். தமிழ்நாட்டு வீடுகளில் மாட்டப்பட்டிருக்கும் படம் பெரும்பாலும், பிற்பாடு அடால்ஃப் ஹிவா வரைந்த ஓவியத்தின் வழிவந்தது. ஃபாஸ்தினா 1938 அக்டோபர் 5 அன்று காசநோயால் இறந்தபோது அவருக்கு வயது 33.

இந்தப் பக்தி தடையின்றி வளர்ந்ததல்ல. நாட்குறிப்பின் பிழையான பிரதிகளும் மொழிபெயர்ப்புகளும் வத்திக்கானைச் சென்றடைந்ததால், 1959 மார்ச்சில் அதன் படத்தையும் எழுத்துகளையும் பரப்புவது தடைசெய்யப்பட்டது. 1978 ஏப்ரலில்தான் தடை நீங்கியது. நீங்குவதற்கு முழுமுதல் முயற்சி எடுத்தவர் கிராக்கோவின் பேராயர் கரோல் வொய்த்திவா. அடுத்த ஆறு மாதத்தில் அவரே திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் ஆனார். எண்ணூர், திருவொற்றியூர்த் தொழிலாளர் குடும்பங்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று அவர் வாழ்க்கையில் உண்டு. நாஜிகள் போலந்தைப் பிடித்திருந்த காலத்தில் இளைஞர் வொய்த்திவா சோல்வே கம்பெனியின் கல்லுடைக்கும் குவாரியிலும் சோடா தொழிற்சாலையிலும் கூலியாளாக வேலை செய்தார். ஃபாஸ்தினா அடக்கம் செய்யப்பட்ட மடம் அந்தத் தொழிற்சாலைக்கு அருகில்தான். மரச்செருப்போடு அவ்வழியே வேலைக்குப் போய்வந்ததை, 2002 ஆகஸ்டில் அதே இடத்தில் இறை இரக்கப் பேராலயத்தை அருட்பொழிவு செய்தபோது அவர் நினைவுகூர்ந்தார். 1980இல் இரக்கத்தைப் பற்றியே ஒரு சுற்றுமடல் எழுதியவர். 1986 பிப்ரவரியில் சென்னைக்கு வந்து தோமையாரின் கல்லறையில் வேண்டியவர். 2000 ஏப்ரல் 30 அன்று ஃபாஸ்தினாவைப் புனிதராக அறிவித்தவர். 2005 ஏப்ரல் 2 அன்று அவர் உயிர் பிரிந்தது இறை இரக்க ஞாயிறுக்கு முந்தைய இரவில்.

இறை இரக்க செபமாலைக்குத் தனி மணிமாலை தேவையில்லை. வழக்கமான செபமாலை மணிகளிலேயே அதைச் சொல்லலாம். தொடக்க செபங்களுக்குப் பின், கிறிஸ்துவின் உடலையும் இரத்தத்தையும் தந்தைக்கு ஒப்புக்கொடுக்கும் செபம் பெரிய மணிகளிலும், உலகம் முழுவதற்கும் இரக்கம் கேட்கும் ஒற்றை வரி சிறிய மணிகளிலும் சொல்லப்படுகின்றன. இயேசு உயிர்விட்ட பிற்பகல் 3 மணி இதற்குரிய நேரம். பெரிய வெள்ளியன்று தொடங்கும் நவநாள் ஒன்பது நாள் நடந்து திருநாளில் சேர்கிறது. பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும், மனப்பாடம் செய்ய எளிது, நோயாளியின் படுக்கையருகே மெதுவாகச் சொல்ல ஏற்றது. ஆஸ்பத்திரி வராந்தாவிலும் சாவு வீட்டிலும் இந்தச் செபம் இவ்வளவு வேகமாக இடம்பிடித்ததற்கு அந்த எளிமை ஒரு காரணம். அதைவிட ஆழமான காரணமும் உண்டு. சொல்பவர் தனக்காக மட்டும் கேட்க இந்தச் செபத்தில் வழியில்லை. அதன் வாசகமே உலகம் முழுவதற்குமாக அமைந்திருக்கிறது.

பாவமன்னிப்புக்கெனத் திருச்சபை வகுத்துள்ள வழி ஒப்புரவு அருட்சாதனம். பெரியவர்கள் இன்றும் பாவசங்கீர்த்தனம் என்றே சொல்கிறார்கள். தமிழில் இதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது. முத்துக்குளித்துறை மக்களிடையே பணியாற்றிய இயேசு சபைக் குரு ஹென்றிக் ஹென்றிக்கஸ் 1578இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கத்தை அச்சிட்டார். அதற்கு இரண்டே ஆண்டுகளில், பாவசங்கீர்த்தனம் செய்யும் முறையைக் கற்பிக்கும் கையேடு ஒன்றையும் தமிழில் கொண்டுவந்தார். தமிழ் அச்சுக்கலை அரும்பிய நாளிலேயே கடற்கரை மீனவர் தம் குற்றத்தைத் தம் மொழியில் சொல்ல வழி செய்யப்பட்டுவிட்டது. ஆன்ம சோதனை, மனத்துயர், பாவ அறிக்கை, பரிகாரம் என்ற வரிசை அன்று முதல் இன்று வரை மாறவில்லை. தவக்காலத்தின் கடைசி வாரங்களில் வடசென்னைக் கோயில்களில் இதற்கான வரிசை நீள்கிறது. குடிப்பழக்கம், வீட்டுச் சண்டை, தம்பியோடு பேச்சு வார்த்தை அற்றுப்போனது என்று உள்ளே சொல்லப்படுவன எதுவும் வெளியே வருவதில்லை. கேட்ட குரு அதை உயிர் போனாலும் வெளியிடக்கூடாது என்பது திருச்சபைச் சட்டம். நெருக்கமான குடியிருப்புகளில், ஒரு வீட்டுச் செய்தி அடுத்த வீட்டுச் சுவரைத் தாண்டிவிடும் தெருக்களில் வாழ்பவருக்கு, இரகசியம் காக்கப்படும் ஓர் இடம் இருப்பதே பெரிய ஆறுதல்.

வாரச் சுழற்சியில் இந்தக் கரையின் பக்திக்குச் செவ்வாய்க்கிழமையே தலைநாள். அன்று கூட்டம் போவது பாரிமுனை ஆர்மேனியன் தெருவுக்கு. 1642இல் சென்னையில் தங்கிய பிரெஞ்சு கப்புச்சின் குரு எஃப்ரேம் தெ நெவேர் தொடங்கி வைத்த மறைப்பணியின் வழிவந்தது அங்குள்ள புனித மரியன்னை இணைப் பேராலயம். சென்னையும் மயிலாப்பூரும் 1952இல் ஒரே உயர்மறைமாவட்டமாக இணையும் வரை அதுவே சென்னையின் பேராலயம். ஊர் வழக்கில் அது அந்தோணியார் கோயில். அங்கே செவ்வாய்க்கிழமை வருபவர்களில் கிறிஸ்தவர் எத்தனை, மற்றவர் எத்தனை என்று பார்த்துப் பிரிக்க முடியாது. பொட்டும் பூவுமாக வரும் பெண்களும், வேலைக்குப் போகும் வழியில் நின்று மெழுகுவர்த்தி ஏற்றும் இளைஞர்களும், முஸ்லிம் தாய்மாரும் ஒரே வரிசையில் சொரூபத்தை நெருங்குகிறார்கள். முன்பு விம்கோ நகரிலிருந்து புறநகர் ரயிலில் கடற்கரை நிலையம் வந்து இறங்கி நடந்தவர்களுக்கு, 2021 பிப்ரவரி 14 முதல் மெட்ரோ ரயிலும் கிடைத்தது. மண்ணடியிலோ உயர் நீதிமன்றத்திலோ இறங்கினால் கோயில் அருகில்தான்.

அந்தோணியார் லிஸ்பனில் பிறந்து, பிரான்சிஸ்கன் துறவியாகி, 1231 ஜூன் 13 அன்று பதுவை நகருக்கு அருகே இறந்தவர். அவரை அடக்கம் செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று கல்லறையில் புதுமைகள் நடந்தன என்ற நம்பிக்கையிலிருந்து பிறந்தது செவ்வாய் பக்தி. ஓராண்டுக்குள் அவர் புனிதராக்கப்பட்டார். தமிழ் மண்ணில் அவரைக் கோடி அற்புதர் என்று அழைக்கிறார்கள். உவரியிலும் புளியம்பட்டியிலும் கச்சத்தீவிலும் கொழும்பு கொச்சிக்கடையிலும் அவர் திருத்தலங்களில் சாதி மதம் பாராமல் மக்கள் கூடுகிறார்கள். தமிழகத்தில் செவ்வாய் அம்மனுக்கும் முருகனுக்கும் உரிய நாள் என்பதால், அந்த நாளில் விரதமிருந்து வேண்டும் பழக்கம் வீடுகளில் ஏற்கெனவே இருந்தது. ஐரோப்பாவில் பிறந்த செவ்வாய் பக்தி இங்கே அந்நியமாகத் தோன்றாமல் வேர் பிடித்ததற்கு இதுவும் காரணமாயிருக்க வேண்டும்.

செவ்வாய் மன்றாட்டின் வடிவம் எளிமையானது. ஒன்பது வாரமோ பதின்மூன்று வாரமோ தவறாமல் வருவதாக நேர்ந்துகொள்வது, மெழுகுவர்த்தி, பூமாலை, சொரூபத்தின் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது, மன்றாட்டைத் தாளில் எழுதிப் போடுவது, வேண்டியது நடந்ததும் ஏழைகளுக்கு ரொட்டியோ சோறோ கொடுப்பது. கேட்பவை வேலை, திருமணம், பிள்ளைப்பேறு, காணாமல்போன பொருள், குடியை நிறுத்த வேண்டிய கணவன், கடலுக்குப் போன மகன். இவற்றைச் சில்லறை வேண்டுதல் என்று ஒதுக்குவது பர்த்திமேயுவை வாயடக்கிய கூட்டத்தின் வேலை. பிறகு கவனிக்க வேண்டியது ரொட்டி. வேண்டுதல் எவ்வளவு சொந்தமானதாக இருந்தாலும், அதன் நன்றி அறியாத ஒருவரின் கையில் உணவாக முடிகிறது. பக்தர் அதை விளக்கிச் சொல்லாமல் இருக்கலாம்; செய்துவிடுகிறார்.

கடல் நாட்காட்டியும் கோயில் நாட்காட்டியும் ஒட்டிச் செல்வதைக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் காணலாம். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான 61 நாள் மீன்பிடித் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. வருமானம் நின்று, கடன் வளர்ந்து, படகைப் பழுதுபார்த்து முடித்து, மறுபடி கடலுக்குப் புறப்படும் நேரத்தில் ஜூன் 13 அந்தோணியார் திருநாள் வருகிறது. அதே மாதம் 29 இராயப்பர், சின்னப்பர் திருநாள். நிலத்தில் உழைப்போருக்கு மே முதல் தேதி: உலகத் தொழிலாளர் நாளையே தச்சரான சூசையப்பரின் திருநாளாகப் பன்னிரண்டாம் பயஸ் 1955இல் ஏற்படுத்தினார். தீப்பெட்டி கம்பெனியின் பெயரால் ஊர் உருவான விம்கோ நகரிலும், மோட்டார் தொழிற்சாலைகள் எழுந்த எண்ணூரிலும் அந்தத் திருநாளைத் தனியே விளக்கத் தேவையில்லை.

தாயிடம் கேட்பது வேறு வகை. சகாய மாதா நவநாள் பல பங்குகளில் வாரந்தோறும் நடக்கிறது. ஆகஸ்ட் 29 கொடியேற்றத்தை ஒட்டிக் காவி உடுத்த பக்தர்கள் வடசென்னைத் தெருக்களிலிருந்து பெசன்ட் நகர் வேளாங்கண்ணி அன்னை கோயிலுக்கும், இன்னும் துணிந்தவர்கள் வேளாங்கண்ணிக்கும் நடக்கிறார்கள். ஆரோக்கிய அன்னையின் திருநாள் செப்டம்பர் 8. ஆனால் ஆறுதலின் உச்சம் வேளாங்கண்ணி அன்னையிடமா, வியாகுல அன்னையிடமா என்று கேட்டால், வியாகுல அன்னையிடமே என்று சொல்லத் தோன்றுகிறது. வேளாங்கண்ணியில் மக்கள் நலம் கேட்கிறார்கள். மடியில் இறந்த மகனைக் கிடத்தியிருக்கும் தாயிடம் கேட்க எதுவுமில்லை. அவளோடு சேர்ந்து அழத்தான் முடியும். தமிழ் மரபு இதை நன்றாக உணர்ந்திருக்கிறது. வீரமாமுனிவர் அன்னையின் துயரைப் பாட அந்தாதி ஒன்று செய்தார்; ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பினார். கோவாவில் பிறந்து இலங்கையில் பணிபுரிந்து 1742இல் மறைந்த யாக்கோமே கொன்சால்வெஸ் எழுதிய வியாகுலப் பிரசங்கம், பாடுகளின் நாட்களில் ஒப்பாரியின் இழுவையோடு வாசிக்கப்பட்டு வந்தது. கடலில் மகனைப் பறிகொடுத்த தாய் அதைக் கேட்டு அழும்போது, தன் துயரை அழுவதற்கு அவளுக்கு ஒரு மொழியும், கூட அழ ஓர் ஊரும் கிடைக்கின்றன.

கேட்டது கிடைக்காத நாட்களும் உண்டு, அவை அதிகமாகவும் உண்டு. 2004 டிசம்பர் 26 ஞாயிறு காலை சுனாமி வேளாங்கண்ணியில் வழிபட வந்திருந்த பயணிகளையே வாரிக்கொண்டது; காசிமேடு முதல் எண்ணூர் வரையிலான கரையையும் தாக்கியது. 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் காலையில் கொச்சிக்கடை அந்தோணியார் கோயிலுக்குள் குண்டு வெடித்தது. அன்று இலங்கை முழுவதும் இறந்தோர் 260 பேருக்கும் மேல். 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவி வலைகளும் படகுகளும் கறுத்தன. அதே மாதம் 26 இரவில் உரத் தொழிற்சாலைக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம் மக்கள் மூச்சுத் திணறி வீட்டைவிட்டு ஓடினார்கள். கடவுள் இரக்கமுள்ளவர் என்றால் இவை ஏன் என்ற கேள்விக்குக் கத்தோலிக்கம் கணக்குப்போட்டு விடை சொல்வதில்லை. அது சிலுவையைக் காட்டுகிறது: துன்பத்துக்கு வெளியே நின்று பரிதாபப்படாமல் உள்ளே வந்து சாகும் கடவுளை. மனிதர் செய்த தவற்றால் வந்த துன்பத்தைக் கடவுளின் சித்தம் என்று மூடிவிடுவது இந்தப் போதனைக்குப் பொருந்தாது. எண்ணெய் கசிவுக்கு நீதி கேட்பதும், கசிவால் பாதிக்கப்பட்டவருக்காக செபிப்பதும் ஒரே மனிதரின் இரண்டு கடமைகள். கொச்சிக்கடைக் கோயில் 2019 ஜூன் 12 அன்று, திருநாளுக்கு முந்தின நாள், மீண்டும் திறக்கப்பட்டது.

இந்த இடத்தில்தான் இரக்கத்தைக் கேட்பது இரக்கம் செய்வதோடு கட்டப்படுகிறது. மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரம் காட்டும் இறுதித் தீர்ப்பில் எத்தனை நவநாள் என்று யாரும் விசாரிக்கப்படுவதில்லை. பசித்தவருக்கு உணவு, தாகமுற்றவருக்குத் தண்ணீர், அந்நியருக்கு இடம், ஆடையற்றவருக்கு உடை, நோயாளியையும் சிறைப்பட்டவரையும் பார்க்கப் போனது: இவையே கேட்கப்படுகின்றன. இறந்தோரை அடக்கம் செய்வதையும் சேர்த்து உடல்சார் இரக்கச் செயல்கள் ஏழு என்றது திருச்சபை. அறிவுரை, மன்னிப்பு, ஆறுதல் மொழி, செபம் என விரியும் ஆன்மிக இரக்கச் செயல்கள் இன்னோர் ஏழு. திருத்தந்தை பிரான்சிஸ் 2015 டிசம்பர் 8 முதல் 2016 நவம்பர் 20 வரை அறிவித்த இரக்கத்தின் சிறப்பு யூபிலியில் மையமாக வைத்தது இந்தப் பதினான்கையே. பங்குகளில் இதற்குப் பழைய ஏற்பாடு உண்டு. 1833இல் பாரிசில் ஃபிரடெரிக் ஓசனாம் என்ற மாணவரும் தோழர்களும் தொடங்கிய வின்சென்ட் தே பால் சபையின் கிளைகள், ஏழைக் குடும்பங்களின் வீட்டுக்கே போய்ப் பார்ப்பதை விதியாகக் கொண்டவை. அன்பியங்கள் எனப்படும் பங்கின் சிறு குழுக்கள் தெருவாரியாகக் கூடி, யார் வீட்டில் நோய், யார் வீட்டில் சாவு என்று அறிந்து செல்கின்றன.

செபத்தையும் இந்த உதவியையும் இரண்டு வேறு துறைகளாகப் பார்ப்பது பிழை. கப்பர்நாகூமில் முடக்குவாதக்காரனின் பாவம் மன்னிக்கப்பட்டது, சுமந்து வந்த நால்வரின் நம்பிக்கையைக் கண்டே என்று நற்செய்தி சொல்கிறது. சுமப்பவர் இல்லாவிட்டால் அவன் அந்த வீட்டை வந்தடைந்திருக்கவே மாட்டான். ஃபாஸ்தினாவின் நாட்குறிப்பும் இதில் தெளிவாக இருக்கிறது: இறை இரக்கத்தை நம்பும் ஒவ்வொருவரும் அயலாருக்கு இரக்கம் காட்ட மூன்று வழிகளை அது குறிக்கிறது. செயல், சொல், செபம் என்பதே அங்குள்ள வரிசை, செயல்தான் முதலில்.